வாஷிங் மெஷினுக்குக் குங்குமம்

நான் செத்துப்போகவில்லை என்பதற்காக என் வீட்டில் ஒரு பூஜை நடந்தது. சர்க்கரைப் பொங்கல் வைத்து, விளக்கேற்றி, எல்லாம் முடிந்த பிறகு என் மாமியார் சமையலறைக்குப் போய் வாஷிங் மெஷினுக்கும் குங்குமம் வைத்தார். ஆயுத பூஜைக்கு எல்லார் வீட்டிலும் வைப்பதுதான். ஆனால் அன்று ஆயுத பூஜை இல்லை. அந்த மெஷின்தான் என் உயிரைக் காப்பாற்றியது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பெயர்த்தெடுத்து ஜன்னல் வழியாகக் கீழே போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

நடந்தது இதுதான். மெஷின் தண்ணீரை வெளியே விடாமல் பாதியில் நின்றுவிட்டது. ரிப்பேர்காரன் காலையில் வருவதாகச் சொன்னான். மாமியார் விசிட் விசாவில் வந்திருந்தார். அவருக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். அன்று காலை, நான் தினமும் ஷார்ஜாவிலிருந்து துபாயில் இருக்கும் ஜெபல் அலிக்குப் போகும் கார், எமிரேட்ஸ் ரோட்டில் டயர் வெடித்துத் தடுப்பில் மோதியது. நான் தினமும் உட்காரும் முன் இருக்கையில் அன்று அக்கா உட்கார்ந்திருந்தாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருந்த தோழி. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே போய்விட்டாள்.

ரிப்பேர்காரன் வரவில்லை. நாளைக்கு வருகிறேன், இன்ஷா அல்லாஹ் என்று மத்தியானம் போன் செய்தான்.

பிறகு ஊரிலிருந்தும் இங்கிருந்தும் போன்கள். எடுத்தவுடன் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தார்கள். கடவுள் உன்னைக் காப்பாத்திட்டார். நீ செஞ்ச புண்ணியம். உன் தாலி பலம் என்றுகூட ஒருத்தி சொன்னாள், தாலி என் கணவர் உயிருக்கல்லவா பலம், என் உயிருக்கு எப்படி என்று அவள் யோசிக்கவில்லை. அக்காவின் கழுத்திலும் ஒரு தாலி இருந்தது, சிலுவை வைத்த தாலி. அவளைக் கடவுள் என்ன செய்தார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்கவே முடியவில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வி என்பதுதான் கொடுமை. நான் திருச்சியில் தத்துவம் படித்தவள். எம்.ஏ.வுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், கடவுள் தனித்தனி மனிதரைக் கவனிக்கிறாரா இல்லையா என்பது. இடைக்காலத்து யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய அறிஞர்கள் இதைப்பற்றி ஒருவரையொருவர் படித்து, மறுத்து, நூற்றாண்டுக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயர் வீட்டிலும் பிறக்காமல், சர்ச்சுக்கும் போகாமல், உனக்கு ஏம்மா இந்த வேலை என்று எங்கள் பேராசிரியரே கேட்டார். கல்யாணமாகி ஷார்ஜா வந்த பிறகு அந்தப் படிப்பு பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு சரக்குக் கம்பெனியில் கப்பல் பத்திரங்கள் தயாரிக்கும் வேலை கிடைத்தது. கண்டெய்னர் எண்ணில் ஒரு எழுத்து தப்பினால் துறைமுகத்தில் சரக்கு நிற்கும், அவ்வளவுதான் அங்கே எனக்குத் தெரிய வேண்டிய தத்துவம்.

படிப்பு மறுபடி வெளியே வந்தது அந்தக் காரில்தான்.

காரை ஓட்டியவர் காயல்பட்டினத்துப் பக்கத்துக்காரர். ஜெபல் அலியில் ஒரு கார்கோ கம்பெனியில் வேலை. தனியாகப் போகிற வண்டியில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போவார். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் எங்களுக்கும் அவர் காக்கா. இப்படி ஆட்களை ஏற்றிப்போவதை இங்கே கார் லிஃப்ட் என்போம். லைசென்ஸ் இல்லாமல் செய்வது சட்டப்படி தப்பு. அதனால் போலீஸ் நிறுத்திக் கேட்டால் மூன்று பேரும் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வேண்டும் என்று காக்கா முதல் நாளே பாடம் எடுத்தார்.

"நான் உங்க ரெண்டு பேருக்கும் அண்ணன். வாப்பா ஒருத்தர்தான், உம்மா வேற வேற. கேட்டா அப்படிச் சொல்லிருங்க."

"நெத்தியில பொட்டு வச்சவ ஒருத்தி, கழுத்துல சிலுவை போட்டவ ஒருத்தி. ஒங்க வாப்பா லேசுப்பட்ட ஆளில்ல காக்கா," என்று பின்னாலிருந்து அக்கா சொன்னாள். அவள் தூத்துக்குடி கடற்கரைக்காரி, வாய்க்குப் பயம் தெரியாதவள். விமானத்துக்கும் தொழிலாளர் கேம்புகளுக்கும் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு கேட்டரிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாள்.

பின் இருக்கையில் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும், அதனால் முன் இருக்கை எனக்கு. ஏறின கொஞ்ச நேரத்தில் அக்கா பின்னால் தூங்கிவிடுவாள். காக்காவுக்குக் காலையில் கண் சொக்கும். அவர் தூங்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது. ரேடியோ போட்டால் இன்னும் தூக்கம் வரும் என்பார். வீட்டு விஷயம் எத்தனை நாள் பேசுவது? ஒரு நாள் டிராஃபிக்கில் நகராமல் நின்றபோது, பாக்தாதில் பாடம் சொன்ன ஒரு மார்க்க அறிஞரின் வாதத்தை எடுத்துவிட்டேன். நெருப்பு பஞ்சைக் கொளுத்துவதில்லை. நெருப்பு பக்கத்தில் வருகிற அந்தக் கணத்தில் இறைவன்தான் பஞ்சைக் கருகச் செய்கிறான். நாம் இரண்டையும் சேர்த்தே பார்த்துப் பழகியதால் நெருப்பின் வேலை என்று நினைக்கிறோம்.

காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரெக்டாச் சொல்லிருக்காவ டீச்சர். பிரேக்க மிதிக்கிறது நான். வண்டிய நிறுத்துறது அவன்."

தூங்குவதாக நான் நினைத்த அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அப்ப பெட்ரோல் காசையும் அவன்கிட்டயே வாங்கிக்கிடுங்க."

அன்றிலிருந்து எனக்கு டீச்சர் என்று பெயர். அக்கா தூங்குவதைக் குறைத்துக்கொண்டாள். அறிஞர்களின் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை, அதனால் அவளே பெயர் வைத்தாள். பாக்தாத் அஸரத், காக்கா ஊரில் மார்க்க அறிஞரை அப்படித்தான் சொல்வார்கள். பாரிஸ் சாமியார். கெய்ரோ டாக்டர்.

பாரிஸ் சாமியார் அவளுக்குப் பிடித்தவர், சொந்த மதம் என்பதால் மட்டுமில்லை. அவர் சொன்னது, கடவுள் எல்லாவற்றையும் தானே நேராகச் செய்வதில்லை, தான் படைத்தவற்றுக்கும் காரணமாக இருக்கிற மதிப்பைக் கொடுத்திருக்கிறார், நெருப்பு நிஜமாகவே சுடுகிறது, மனிதன் நிஜமாகவே செய்கிறான் என்பது. அக்கா அதைத் தன் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். "எங்க மொதலாளி அடுப்படிப் பக்கமே வரமாட்டாரு. ஆனா சாப்பாடு அவரு பேர்லதான் போவுது. உப்பு கூடிப்போச்சுன்னா கேட்டுக்கிட வேண்டியது சமையல்காரன்தான்." பாடமாகப் படித்த நாளில் எனக்கு இவ்வளவு சுருக்கமாகப் புரிந்ததில்லை என்று சொன்னேன். அவள் வெட்கப்பட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

கெய்ரோ டாக்டரோடுதான் அவளுக்குச் சண்டை. அவர் யூதர், சுல்தான் அரண்மனையில் வைத்தியம் பார்த்தவர், பெரிய மூளைக்காரர். இலை உதிர்வதும் சிலந்தி ஈயைப் பிடிப்பதும் வெறும் தற்செயல், கடவுள் ஒவ்வொரு இலையையும் கவனிப்பதில்லை என்றார். மனிதர்கள் மட்டும் அப்படியில்லை. ஒரு கப்பல் மூழ்குவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மூழ்கப்போகும் அந்தக் கப்பலில் இன்னின்னார் ஏறினார்கள் என்பது தற்செயல் இல்லை, அவரவர் தகுதிக்கேற்ற தீர்ப்பு. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு பெருமை இருக்கும், வாதம் அவ்வளவு நேர்த்தியாக இருப்பதால். அக்கா முன்னால் குனிந்து என் தோளில் தட்டினாள்.

"ஏட்டி, எங்கூர்ல கடலுக்குப் போயித் திரும்பாதவன் வீட்டு வாசல்ல வந்து இத அந்த டாக்டரச் சொல்லச் சொல்லு. தொடப்பத்தக் கொண்டே அடிச்சு வெரட்டுவாளுவ."

"அவர் சொல்றது என்னன்னா அக்கா..."

"அவரு சொல்றது வெளங்குது. கரையில நிக்கவன்தான் இப்படிப் பேசுவான்."

காக்கா சிரித்து ஸ்டியரிங்கைத் தட்டினார். நானும் சிரித்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்த மாதம் அது. டயர் தேய்ந்துபோச்சு, சூடு கூடுமுன்னால மாத்தணும், அடுத்த வெள்ளிக்கிழமை மாத்திருவேன் இன்ஷா அல்லாஹ் என்று காக்கா அதே வாரத்தில் சொன்னார். இந்த இன்ஷா அல்லாஹ் டயருக்கா ஒங்களுக்கா என்று அக்கா கேட்டதும், அதற்கும் நாங்கள் சிரித்ததும் நினைவிருக்கிறது. மூன்று பேரும் கேட்டோம், மூன்று பேரும் மறந்தோம். எல்லார் வண்டியிலும் ஏதாவது ஒன்று மாற்ற வேண்டியதாகத்தான் இருக்கும்.

விபத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து காக்கா பேசினார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கூடவே ஒரு போலீஸ்காரர் இருந்ததாகச் சொன்னார்.

"நீங்க இல்லன்னதும் எனக்கு ஒறக்கம் வந்துரும்னு அவுகளா முன்னால வந்து உக்காந்தாவ டீச்சர். ஒங்கள மாரியே பேசிக் காட்டிட்டு வந்தாவ. கைய ஆட்டி ஆட்டி, டாக்டர் இப்படிச் சொல்றாரு, அஸரத் அப்படிச் சொல்றாருன்னு. சிரிச்சிட்டேதான் வந்தோம். போலீஸ் வந்து இந்த அம்மா யாருன்னு கேட்டான். தங்கச்சின்னுட்டேன். பொய் சொல்லணும்னு சொல்லல. வாயில அதான் வந்துச்சு."

என்னைப் போலப் பேசிக்கொண்டே செத்திருக்கிறாள். அந்தக் கப்பல் கதையைச் சொன்னாளா என்று காக்காவிடம் கேட்கத் துணிவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

பூஜை நடந்தது அதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை. வேண்டாம் என்று கத்தினேன். என் கணவர் மெதுவாகத்தான் சொன்னார், "அம்மா பயந்து போயிருக்காங்க. விளக்கேத்திட்டுப் போறாங்க, விடேன்." மாமியார் கெட்டவர் இல்லை. இரண்டு நாளாக என் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் இருக்கிறேனா என்று. அவருக்கு என் மேல் இருந்த பாசம் முழுக்க அன்று பொங்கலில் இறங்கியது. நெய் மணம் வராந்தா வரை போனது.

எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் டப்பாக்களில் போட்டு மற்ற வீடுகளுக்கு அனுப்புவது வழக்கம். பெருநாளைக்கு பிரியாணி, கிறிஸ்துமஸுக்குக் கேக், எங்கள் பங்குக்குப் பொங்கலும் சுண்டலும். வாட்ச்மேனை இங்கே நாத்தூர் என்போம். எங்கள் நாத்தூர் பங்களாதேஷ்காரர், வயதானவர், டப்பாக்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான். மாமியார் எங்கள் தளத்து வீடுகளுக்கு மட்டும் என்று கையைக் காட்டிச் சொல்லி அனுப்பினார். நாத்தூர் அவர் கொடுத்ததில் பெரிய டப்பாவைத் தனியாக எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். அவர்கள் ஊரில் இழவு வீட்டில் அடுப்பெரியாது, பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கட்டடத்தில் ஒரு சாவு நடந்திருக்கிறது, மேலே ஒரு வீட்டில் பெரிய பாத்திரத்தில் சமைக்கிறார்கள். வேறு எதற்குச் சமைப்பார்கள்? அவர் நினைத்தது நூறு பங்கு நியாயம். அக்கா வீட்டுக் கதவுக் கைப்பிடியில் அந்த டப்பாவைப் பையோடு மாட்டிவிட்டு வந்தார்.

எனக்கு இது தெரியாது. சாயங்காலம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்காவின் கணவர் நிற்கிறார். ஏசி டெக்னீஷியன், கம்பெனி சட்டையை இரண்டு நாளாக மாற்றவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கும் பிணவறைக்கும் தூதரக வேலைக்கும் அலைந்துகொண்டிருந்தார். கையில் எங்கள் வீட்டு டப்பா. கழுவித் துடைத்து, உள்ளே சீனி போட்டிருந்தது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பதை அந்த நிலையிலும் மறக்காத மனிதர்.

"ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல தங்கச்சி. இது கதவுல இருந்துச்சு. ஒக்காந்து முழுசும் தின்னுட்டேன்," என்றார். கொஞ்சம் கூச்சப்பட்டார். "இன்னைக்கு என்ன விசேஷம்?"

என் கணவர் சுவரைப் பார்த்தார். மாமியார் டப்பாவை வாங்கிக்கொண்டே, கள்ளங்கபடமில்லாமல், அவரை யாரென்றுகூடச் சரியாகத் தெரியாமல் பதில் சொன்னார்.

"எம் மருமக தப்பிச்சு வந்தாளே தம்பி, அதுக்குத்தான்."

அக்காவின் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "நல்லதும்மா. செய்ய வேண்டியதுதான்," என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும்.

உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். காக்கா மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள், தேய்ந்த டயரோடு ஓட்டினார் என்று. இறந்தவர் வீட்டார் மன்னித்துவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தண்டனை குறையும். காக்காவின் சொந்தக்காரர்கள் காலையில் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காக்காவுக்கு ஊரில் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் இருந்தார்கள். உள்ளே போனால் வேலை போகும், விசா போகும். அது முழுக்க இந்த மனிதரின் கையெழுத்தில் நின்றது.

"வந்தவுக எல்லாம் அல்லாஹ் நாடுனது, நாம என்ன செய்ய முடியும்னு சொன்னாவ," என்றார். "கோயில்லருந்து ஃபாதர் வந்தாரு. ஆண்டவர் கொடுத்தாரு, ஆண்டவர் எடுத்துக்கிட்டாருன்னாரு. போலீஸ்ல போய்க் கேட்டா, டயருன்னு சொல்லுதான். நீங்க இதத்தான படிச்சீங்க தங்கச்சி. அவ வீட்டுக்கு வந்து தெனமும் ஒங்க கதையத்தான் சொல்லுவா. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அவள எடுத்தது யாரு?"

டிவி ஓடிக்கொண்டிருந்தது, என் கணவர் போய் அணைத்தார்.

இதற்காகத்தான் படித்தாயா என்று யாரோ என் சட்டையைப் பிடித்துக் கேட்பது போல இருந்தது. பாக்தாத் அஸரத்தின் பதிலைச் சொல்லலாம், டயரும் இல்லை, காக்காவும் இல்லை, எல்லாம் அவன் செயல். காக்கா தப்பிப்பார். ஆனால் அந்தப் பதிலின் மறுபக்கத்தில் நான் இருக்கிறேன், அதே அவன்தான் என் மெஷினை நிறுத்தி என்னை வீட்டில் உட்கார வைத்தவன். கெய்ரோ டாக்டரின் பதிலைச் சொன்னால் இன்னும் மோசம். ஏறினது தீர்ப்பு என்றால், ஏறாமல் போனதும் தீர்ப்பு. நான் அக்காவைவிட எதில் தகுதி? படித்தவள் என்பதிலா? அறிவுக்கு ஏற்றபடிதான் கடவுளின் கவனிப்பு கிடைக்கும் என்றும் அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் அதைப் பாராட்டிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்த மனிதர் முகத்துக்கு நேரே அதைச் சொல்வதென்றால் நான் மனுஷியே இல்லை.

"டயர்தாண்ணே," என்றேன். "மாத்தியிருக்கணும். மாத்தல."

"அப்பக் காக்காதான்."

"ஆமா."

ஒருவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். தினமும் என் வீட்டு வாசலில் வந்து ஹார்ன் அடிக்காமல் காத்திருந்த மனிதரை. என் கணவர் என்னைக் கோபமாகப் பார்த்தார், இப்படியா சொல்வது என்று.

அக்காவின் கணவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "உப்பு கூடுனா சமையல்காரன்தான்னு அவளும் சொல்லுவா," என்றார். பிறகு, "அப்ப சரி. மனுசன் செஞ்சதுன்னா மன்னிச்சிரலாம் தங்கச்சி. காக்கா நல்ல மனுசன், மறந்துட்டாரு. நானும் எத்தனையோ மறந்திருக்கேன். காலையில போயிக் கையெழுத்துப் போட்டுருதேன். சாமி செஞ்சது, சாமி செஞ்சதுன்னு எல்லாரும் சொன்னாவ பாருங்க, அதான் எனக்குக் கை வரல. அவர எப்படி மன்னிக்க?"

எழுந்து போனார். மாமியார் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வந்தது யார் என்று அவருக்கு அப்போது புரிந்திருந்தது. சமையலறைக்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது ஈரத்துணியால் வாஷிங் மெஷினில் இருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை மெஷின், சிவப்பு முழுக்கப் போகாமல் இழுவிக்கொண்டே வந்தது. நான் துணியை வாங்கிக்கொண்டு மீதியைத் துடைத்தேன்.

சொன்னபடி அவர் கையெழுத்துப் போட்டார். காக்கா வெளியே வந்ததும் எனக்கு முதல் போன்.

"அல்லாஹ் அவரு மனச எளக்கிட்டான் டீச்சர். அவன் நெனச்சா கல்லும் எளகும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவரே எளகினார்னு வச்சுக்கக் கூடாதா காக்கா? அந்த ஒண்ணையாவது அவருக்கு விட்டுக்கொடுங்களேன்."

காக்கா தாழ்ந்த குரலில் சொன்னார். "அவரே மன்னிச்சாருன்னா, டயர மாத்தாம விட்டதும் நான்தான்னு ஆயிரும்லா டீச்சர். அப்புறம் நான் எப்படிக் கண்ணமூடிப் படுப்பேன்?"

அவர் நின்றுகொண்டிருந்தது ஒரு சின்னத் திட்டு, அதையும் பிடுங்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் நிற்பதும் அப்படி ஒரு திட்டுதான். டயர் என்று அன்று நான் சொன்னதில் உண்மை எவ்வளவு, தேர்ந்தெடுக்கப்பட்டவள் நான் என்று ஆகிவிடக் கூடாதே என்ற பயம் எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. காக்கா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. நான் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் மாறி மாறிப் போகிறேன். பக்கத்தில் உட்காருகிறவர்களோடு பேசுவதில்லை.

அக்காவின் கணவர் உடலோடு ஊருக்குப் போய், அடக்கம் முடித்து, வேலையை விட்டுவிட்டு வீட்டைக் காலி செய்ய மட்டும் திரும்பி வந்தார். மகள் ஊரில் கல்லூரியில் படிக்கிறாள், இனி அவளோடு இருக்கப் போவதாகச் சொன்னார். சாமான் கட்ட உதவிக்குப் போனேன். கட்டில், மிக்ஸி, அக்காவின் சேலைகள், எதை யாருக்குக் கொடுப்பது, எதைக் கார்கோவில் போடுவது என்று ஒவ்வொன்றாக முடிந்தது. அக்காவின் டிஃபன் கேரியரை எனக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டேன்.

ஹாலில் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் மட்டும் மாட்டியபடியே இருந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு வந்த படம், ஊரிலிருந்து அக்கா மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்று காரில் சொல்லியிருக்கிறாள். கீழே சின்ன பல்பு, அது எரியவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நாற்காலியை எல்லாம் கொடுத்தாகிவிட்டது, அதனால் எக்கி எடுக்கப் போனேன்.

"அது இருக்கட்டும் தங்கச்சி," என்றார்.

"ஊருக்குக் கொண்டு போகலையாண்ணே?"

அவர் படத்தைப் பார்க்கவில்லை. சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"காக்காவுக்குப் போட்டுட்டேன். அவருக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடல."

மின்சாரத்தை அணைத்துவிட்டு வெளியே வந்தோம். அவர் கதவைப் பூட்டி, சாவியை நாத்தூரிடம் கொடுத்தார். படம் உள்ளேயே இருந்தது.